நேரோபோட்டுக்கு எத்தனை கிலோவாட் அடுப்பு?

இங்கிலாந்துக் கால்வாய்ப் படகில் குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன். எங்களுடையது 57 அடி நேரோபோட் (ஒடுங்கிய கால்வாய்ப் படகு). கேபின் 42 அடி நீளம், அகலமும் உயரமும் ஆறடிச் சொச்சம். குளிர்காலம் வருவதற்குள் கேபினைச் சூடாக்கும் கரி அடுப்பை மாற்றியாக வேண்டும். கேபினின் கன மீட்டர் அளவை 14-ஆல் வகுக்கும் கணக்குப்படி மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. கடைக்காரரோ 8 கிலோவாட்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார். இந்தச் சின்ன இடத்தில் அதைக் காற்றுத் திறப்பை அடைத்தே எரிக்க வேண்டியிருக்கும். கண்ணாடி கறுக்கும், புகைக்குழாயில் தார் படியும். (கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறது, திட்ட வேண்டாம்.)

ஆனால் முன்கூடம் வேகிறபோதே பின்னால் படுக்கையறை விறைக்கிறது. பேக் பாய்லரோடு (அடுப்பின் பின்புறம் தண்ணீரைச் சூடாக்கும் தொட்டி) 5 கிலோவாட் அடுப்பு போட்டு, சுடுநீரைப் படுக்கையறை ரேடியேட்டருக்கு இழுத்தால் சரியாகுமா? சின்ன அடுப்பில் புகையில்லாக் கரி விடியும்வரை தணல் தாங்குமா? மோர்சோ ஸ்குவிரல் அடுப்பு வைத்திருப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.