துங்குவா, துவாங்குவா? சாலைப் பலகைப் படம் வேணும்

வணக்கம் மக்களே. அக்கா மகளுக்குப் பள்ளியில ஃபோலியோ (படத் தொகுப்பு) வேலை: மலேசியாவின் சுதந்திரத் தந்தை துங்கு அப்துல் ரஹ்மான் பெயர் தாங்கிய இடங்கள். கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் படத்தை முதல் பக்கத்துலயே ஒட்டிட்டா. ஆனா முன்னே 'பத்து ரோடு' (Batu Road) என்றிருந்த அந்தச் சாலைக்கு இருப்பது துங்கு பெயர் இல்லை, மலேசியாவின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் பெயர். ரிங்கிட் நோட்டுல இருக்காரே, அவர்! (அந்தச் சாலையில இருக்கிற சோகோ கடைப் பக்கம் துணி எடுக்கப் போற பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.)

1969-இல் கல்லூரியாகத் தொடங்கி இப்போ செத்தாப்பாக்கில் இருக்கிற பல்கலைக்கழகம், கம்பார் பல்கலைக்கழகம், கோத்தா கினாபாலு எதிரே ஐந்து தீவுக் கடல் பூங்கா எல்லாம் துங்கு பெயர்தான்.

பினாங்குக்காரங்களே, பழைய ஆயர் ராஜா ரோடு இப்போ ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மான். அந்தப் பக்கம் போனா, பெயர்ப் பலகையை எழுத்து தெளிவா தெரியுற மாதிரி படம் எடுத்துப் போடுங்களேன். வெள்ளிக்கிழமை ஃபோலியோ கொடுக்கணும். வேற ஊர்ப் பலகை இருந்தாலும் அனுப்புங்க.