‘போஸ்ட்போன்’ சொல்லுக்கு எதிர்ச்சொல் ‘ப்ரீபோன்’ என்றால் தப்பா?

தேர்வுப்பறவை:
பயிற்சி மையத்தில் எதிர்ச்சொல் தாளில் ‘போஸ்ட்போன்’ (தள்ளிவைப்பது) கேட்டிருந்தார்கள். ‘ப்ரீபோன்’ (குறித்த நாளுக்கு முன்பே வைப்பது) என்று குறித்தேன். அடித்துவிட்டு ‘அட்வான்ஸ்’ என்று சிவப்பில் எழுதித் தந்தார்கள். ஆபீஸ்களில் தினமும் புழங்குகிற சொல் எப்படித் தப்பாகும்?

செம்பரிதி:
அடித்தது சரிதான். பணி ஓய்வு வரை ஆங்கிலம் நடத்தியவன் சொல்கிறேன். லண்டனில் போய் ‘மீட்டிங்கை ப்ரீபோன் பண்ணுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், முழிப்பார்கள்.

வைகைக்கரை:
ஐயா, ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. லத்தீனில் ‘போனரே’ என்றால் வைப்பது. ‘போஸ்ட்’ பின்னால், ‘ப்ரீ’ முன்னால். சிம் வாங்கும்போது ப்ரீபெய்டு, போஸ்ட்பெய்டு என்றால் மட்டும் இனிக்கிறதா?

செம்பரிதி:
அகராதியில் ‘இந்திய ஆங்கிலம்’ என்று பக்கத்திலேயே போட்டிருப்பது கண்ணில் படவில்லையா? முன்னொட்டை மாற்றினால் எதிர்ச்சொல் வந்துவிடும் என்றால் ‘ஃபேமஸ்’ சொல்லுக்கு ‘இன்ஃபேமஸ்’ என்று எழுதுவீர்களா? கெட்ட பெயர் எடுத்தவனையும் ஊருக்கே தெரியும். பெட்ரோல் டேங்கர் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். தீப்பிடிக்காது என்று நம்பி அங்கே பீடி பற்றவைப்பீர்களோ?

கந்தகபூமி:
‘இன்’ என்றால் ‘இல்லை’ என்று படிக்கிற அந்தக் குழப்பத்துக்காகத்தான் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே அதே பொருள் தரும் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொன்னது. நம் ஊர் டேங்கர்களில் இன்னும் பழைய சொல்லைப் பார்க்கிறேன். இது உயிர் போகிற விஷயம். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
டேங்கரை யார் கேட்டது? கேள்வி ப்ரீபோன். போன மாதம் ‘கசின் பிரதர்’ பேச்சு வந்தபோதும் செம்பரிதி ஐயா இப்படி தான் நழுவினார்.

செம்பரிதி:
‘இப்படித்தான்’. ஒற்று எங்கே போனது? தமிழில் ஒற்று தெரியாதவர் லத்தீன் வகுப்பெடுக்கிறார். ‘கசின் பிரதர்’ விஷயத்திலும் நான் சொன்னதே சரி. ‘கசின்’ போதும், பிரதர் எதற்கு?

நடுவழி:
எதிர்ச்சொல் என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமே? ‘ஹாட்’, ‘கோல்டு’ இரண்டுக்கும் நடுவே வெதுவெதுப்பு உண்டு. ‘டெட்’, ‘அலைவ்’ நடுவே எதுவும் கிடையாது. ‘பை’, ‘செல்’ ஒரே பேரத்தின் இரண்டு பக்கம். இதில் ‘போஸ்ட்போன்’ எந்த வகை?

செம்பரிதி:
வகை எதுவானால் என்ன? விடை அட்வான்ஸ்.

வைகைக்கரை:
நம் ஊரில் அட்வான்ஸ் என்றால் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற பணம். ப்ரீபோன் என்றால் ஆபீஸ் உதவியாளர் வரைக்கும் சட்டென்று புரிகிறது. கோடிப் பேர் பேசுகிற ஆங்கிலத்துக்கு லண்டன்காரன் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

செம்பரிதி:
கோடிப் பேர் தப்பாகப் பேசினால் தப்பு சரியாகிவிடாது. என்னிடம் படித்த ஒருவரும் ப்ரீபோன் எழுதியதில்லை.

வைகைக்கரை:
எழுதியிருந்தால் விட்டிருப்பீர்களா?

தேர்வுப்பறவை:
அடுத்த வாரம் மாதிரித் தேர்வு. எதைக் குறிப்பது என்று யாராவது சொல்லுங்களேன்.

வைகைக்கரை:
ப்ரீபோன். அடித்தால் அகராதியைக் கொண்டுபோய் மேசையில் வை.

செம்பரிதி:
அட்வான்ஸ். இவர் பேச்சைக் கேட்டு மதிப்பெண்ணைத் தொலைக்காதே தம்பி. அப்புறம், அந்த ஒற்றை இன்னும் திருத்தவில்லை.