சப்ஸ்டாண்டர்டு: ‘தரமற்ற’ போதுமா?

வணக்கம். ‘சப்ஸ்டாண்டர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘தரமற்ற’ என்றே வைத்துக்கொள்ளலாம், செய்தித்தாளில் தினமும் வருகிற சொல்தானே என்று புதுச்சேரி நண்பர்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. போன மாதம் இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர் கையில் பார்த்த உணவுப் பரிசோதனைத் தாள்தான் காரணம். அவர் கடையில் சோதனைக்கு எடுத்த மிளகாய்த்தூள் ‘தரமற்றது’ என்று அதில் போட்டிருந்தது. மனுஷர் கொதித்துப்போயிருந்தார். “கலப்படம்னு எழுதிட்டாங்க சார், இனிமே எவன் கடைப்பக்கம் வருவான்?” வாங்கிப் பார்த்தால், ஈரப்பதம் 11 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. குறித்த அளவுக்கு வரவில்லை, ஆனால் தின்றால் கெடுதல் என்று சொல்லும்படியும் இல்லை என்றால் அது சப்ஸ்டாண்டர்டு, 5 லட்சம் வரை அபராதம். பாதுகாப்பற்ற உணவு என்றால் சிறைவரை போகும். மருந்திலும் இப்படித்தான், உலக சுகாதார அமைப்பு 2017-ல் போலி மருந்தை வேறாகவும் அளவுக்கு வராத மருந்தை வேறாகவும் பெயரிட்டுவிட்டது. ‘தரமற்ற’ என்றால் தரமே இல்லை என்று ஆகிறது. கோடு எங்கே, எவ்வளவு குறைந்தது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

சரி, மற்ற சொற்கள்? தரக்குறைவு, கீழ்த்தரம், தரம்தாழ்ந்த என்று மூன்று இருக்கின்றன, மூன்றையும் மேடைப்பேச்சு கொண்டுபோய்விட்டது. ‘தரக்குறைவாகப் பேசினார்’ என்றால் மிளகாய்த்தூள் யாருக்கும் ஞாபகம் வராது. ‘மட்டம்’ இன்னும் வேடிக்கை, கொத்தனாரின் ரசமட்டத்தில் அது சரியான அளவு, கடைத்தெருவில் மட்டமான சரக்கு. எனக்குப் பிடித்தது பத்தரோட ‘மாற்று’. தங்கத்தை உரைகல்லில் இழைத்துப் பார்த்து ‘மாற்றுக் குறைவு’ என்பார்கள், அளந்து சொல்கிற குறை, திட்டு இல்லை. ஆனால் இன்றைக்கு மாற்று என்றால் பதிலுக்கு வேறொன்று என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், அதனால் மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

இன்னொன்று, ‘மலிவு ரகம்’ என்று ஒருவர் சொன்னதும் பொருந்தாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பயறு பிரிக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள். 320 என்ற ரகம் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ அத்தனை பயறு, 450 என்றால் இன்னும் சின்னது, விலையும் குறைவு. உடைசலுக்கு அதற்கும் கீழே விலை. ஆனால் இவை எல்லாமே நல்ல சரக்குதான், பாயசத்துக்கு உடைசலைத்தானே நாமே கேட்டு வாங்குகிறோம். பூச்சி அரித்ததை மட்டும் அந்தப் பெண்கள் தனியாக ஒதுக்குகிறார்கள். ரகம் வேறு, தரம் வேறு.

என் முன்மொழிவு ‘தரமெட்டா’. எட்டாக்கனி மாதிரி. தரமெட்டா எண்ணெய், தரமெட்டா மருந்து. அறிக்கையில் ‘சோதனை மாதிரி தரம் எட்டவில்லை’ என்று எழுதலாம். அந்தக் கடைக்காரரே ‘தரம் எட்டலையாம்’ என்று பக்கத்துக் கடையில் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கே ஒரு இடறல் உண்டு. அவர் மிளகாய்த்தூளில் ஈரம் அளவைத் தாண்டியது, எட்டாமல் இல்லை. எட்டாதது தரம்தான், எண் இல்லை என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். புதுச்சேரி நண்பர்களுக்கு இது இழுத்துக்கட்டினதாகத் தோன்றினால் வேறு சொல் அனுப்புங்கள், ‘தரமற்ற’ மட்டும் வேண்டாம்.