கரண்ட் இல்லாத வாரங்களில் முதலில் தீர்வது தண்ணீர்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியதில் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. இருட்டைச் சமாளித்துவிடலாம், தண்ணீரில்தான் முதல் அடி விழும். ஐந்து பேர் வீட்டில் ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டி வழக்கமான புழக்கத்துக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. ஒரு ஃபிளஷ்ஷே ஆறு முதல் பத்து லிட்டர். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்புங்கள் (நிறைந்த தொட்டி காற்றில் பறக்கவும் செய்யாது), ஃபிளஷ் வால்வை மூடிவிட்டு வாளிக்கு மாறுங்கள்.

*

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: ஒரு எச்பி சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்) ஓடும்போது 1,100 வாட் அளவில்தான் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். 2 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் செட்டில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சுற்றாமல் உறுமும். அப்படியே விட்டால் காயில் புகைந்துவிடும். குறைந்தது 3 கேவிஏ வேண்டும், வேறெந்த லோடும் இருக்கக் கூடாது.

தயவுசெய்து வீட்டு பிளக் பாயின்ட் வழியாகக் கரண்ட் ஏற்றாதீர்கள். மெயின் ஆனில் இருந்தால் அது சர்வீஸ் ஒயரில் திரும்பிப் போய் டிரான்ஸ்ஃபார்மரில் 11,000 வோல்ட்டாக ஏறும். கம்பத்தில் நிற்கும் லைன்மேனின் உயிர் போய்விடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வரும் வீட்டு ஒயரைக் கழற்றிவிட்டு, ஜெனரேட்டரிலிருந்து நேராக இணைப்பதே சரி. எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். செட்டைத் திண்ணையிலோ அறையிலோ ஓட்டாதீர்கள், அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது.

*

இன்வெர்ட்டர் கணக்கு: 12 வோல்ட் 150 ஆம்பியர் பேட்டரி ஏட்டில் 1,800 வாட்-மணி. கைக்கு வருவது 1,100 அளவு. 75 வாட் ஃபேன் ஒன்றும் எல்இடி இரண்டும் ஒரே ராத்திரியில் தீர்த்துவிடும். பல்பு மட்டும் இரவில் நாலு மணி நேரம் எரித்தால் ஒரு வாரம் ஓடும். மற்ற நேரம் இன்வெர்ட்டரையே அணையுங்கள், சும்மா இருந்தாலும் அது பேட்டரியைத் தின்னும். முழுக்க வடிந்த பேட்டரியை வாரக்கணக்கில் போட்டால் தகட்டில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் பிடிக்காது.

*

ஜெனரேட்டரும் டீசல் இருக்கும்வரைதான். போர்வெல் போட்டதும் கிணற்றை மூடி, அடிபம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்ட வீடுகள் நம் பக்கம் அதிகம். குடிக்க, குளிக்க, மாட்டுக்கு என்று எல்லாமே ஒரே மோட்டாரில் தொங்குகிறது. நீர்மட்டம் 22 அடிக்குள் இருக்கும் ஊரில் ஒரு அடிபம்பை மீண்டும் நடுவதுதான் என் பார்வையில் முதல் செலவு.

அடிபம்பு சும்மா கிடந்தால் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிக் காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு வேகமாக அடியுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அடி வால்வில் மண் சிக்கியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். வெள்ளம் ஏறி வடிந்த இடமென்றால் தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே குடிக்க எடுக்க வேண்டும். கலங்கலுக்கு அந்த அளவு போதாது, தெளியவிட்டு வடிகட்டிய பிறகு போடுங்கள்.