அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் கணினி உதவி: வழிகாட்டல் வேண்டும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கோபி, சத்தியமங்கலம், பெருந்துறைப் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் சிலர், ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம் வைத்து, வாட்ஸ்அப் வழியாக ஒரு சதுரங்கப் போட்டி நடத்தி வருகிறோம். அதில் ஒருவர் கணினி உதவி பெற்றதாக இப்போது ஒரு புகார் எழுந்துள்ளது.

கல்லூரி மாணவர் ஒருவர், தம் யானை வெட்டுப்படும் நிலையில் இருந்தும் அதைக் காப்பாற்றாமல், ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே நகர்த்தினார். எதிராளி யானையை வெட்டி, மேலும் ஐந்தாறு நகர்வுகள் ஆன பிறகுதான் அதன் காரணம் எங்களுக்கு விளங்கியது. ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்கக் கணினி நிரலில் (என்ஜினில்) போட்டுப் பார்த்தால் அதன் முதல் தேர்வும் அதுவே. ஆனால், மூன்று நாள் யோசிக்கும் மனிதருக்கு அது தோன்றவே தோன்றாது என்று எப்படிச் சொல்வது? ஒரே நகர்வை வைத்து ஒரு பையன் மீது பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு கணினி உதவியை அனுமதிக்கிறது. அங்கே உயர்மட்ட ஆட்டங்கள் பெரும்பாலும் சமனில் முடிகின்றன. லிசெஸ், செஸ்.காம் தளங்களோ, நாள்கணக்கில் ஆடும் ஆட்டங்களில் தொடக்க நகர்வுப் புத்தகங்களைப் பார்க்க விட்டு, என்ஜினைத் தடை செய்கின்றன. நாங்களும் தடை என்றே வைத்துள்ளோம். மீறலை நிறுவும் வழிதான் தெரியவில்லை.

எத்தனை ஆட்டங்களை என்ஜினின் தேர்வுகளோடு ஒப்பிட்டால் நியாயமான முடிவுக்கு வரலாம், புத்தக நகர்வுகளையும் வேறு வழியில்லாத நகர்வுகளையும் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டுமா, அவரையே அழைத்து விளக்கச் சொன்னால் போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். கேட்பவர்களுக்கு, பெயர்களை நீக்கி ஆட்டப் பதிவை அனுப்புகிறேன்.