ஒவ்வொரு நாளும் பின்னேரம் 3 மணிக்கு டிஷ் ரீவி சிக்னல் போகுது, பத்து நிமிசத்தில தானா வருது. ஏன்?

குமுழமுனை | மார்ச் 15, பின்னேரம் 5.20

வணக்கம். வீட்டில 60 சென்ரிமீற்றர் டிஷ், 45 பாகை கிழக்கு நெடுங்கோட்டில நிக்கிற செய்மதிக்குப் பூட்டினது. முற்றத்துக் குழாயில மேற்குப் பக்கம் பார்த்தபடி நிக்குது. 13ஆம் திகதி தொடக்கம் ஒவ்வொரு நாளும் 2.55 போல படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, பிறகு சிக்னல் இல்லை எண்டு எழுத்து வருது. 3.05 அளவில ஒண்டும் செய்யாமலே திரும்ப வருது. மற்ற நேரமெல்லாம் படம் நல்ல தெளிவு. மழை இல்லை, பலத்த காத்தும் இல்லை. முதல் நாள் ரெண்டு மூண்டு நிமிசம்தான் போனது, இப்ப கூடிக்கொண்டு வருது. டிஷ் பூட்டுற ஒருத்தரைக் கேட்டால் எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால நிண்டு சிக்னலைப் பிடிக்கிற சின்னப் பெட்டி) மாத்தி, டிஷ்ஷையும் திரும்ப நேராக்க வேணும் எண்டு சொல்லுறார். உண்மையா மாத்த வேணுமோ?

வடலி, பரந்தன் | மார்ச் 15, 6.05

3 மணி எண்டால் வெயில் உச்சத்தில காயிற நேரம். எல்என்பி பழசெண்டால் சூட்டில அதின்ர அலைவரிசை விலகும், ரிசீவர் சனலைப் பிடிக்காது. எல்என்பியின்ர முதுகில ஈரத்துணி ஒண்டைச் சுத்திப் பாருங்கோ, படம் வந்தால் எல்என்பிதான். துணி முன் மூடியில படக்கூடாது. அதில தண்ணி பட்டாலே சிக்னல் விழும், பிறகு சோதனை பிழைச்சுப் போகும்.

குளக்கட்டு, கிளிநொச்சி | மார்ச் 15, இரவு 7.40

ஒண்டையும் மாத்த வேண்டாம், டிஷ்ஷில கை வைக்கவும் வேண்டாம். இது சூரியனால வாற தடை. வருசத்தில ரெண்டு முறை, மார்ச் நடுவிலயும் செப்ரெம்பர் கடைசியிலயும், எங்கட பக்கத்தில இந்தச் செய்மதியைப் பார்க்கிற எல்லா டிஷ்ஷுக்கும் வரும்.

வடலி அண்ணை சொன்ன சூட்டுக் கோளாறும் உண்மையில இருக்கிற ஒண்டுதான். ஆனால் அது 3.05க்கு நிக்காது. வெயில் தணியும் வரைக்கும், நாலு நாலரை மட்டும் இழுக்கும். காத்தடிக்க வந்து வந்து போகும். ஏப்ரலில இன்னும் மோசமாகும். உங்கட கோளாறு மணிக்கூட்டைப் பார்த்து வந்து மணிக்கூட்டைப் பார்த்துப் போகுது. நேரம் தவறாமல் வாற கோளாறு எண்டால் முதல்ல சூரியன் எங்க நிக்குதெண்டு பார்க்க வேணும்.

நடக்கிறது இதுதான். செய்மதி பூமத்திய ரேகைக்கு நேர் மேல 35,786 கிலோமீற்றர் உயரத்தில, எங்களுக்கு அசையாமல் நிக்கிற மாதிரிச் சுத்துது. நாங்கள் ரேகைக்கு வடக்க 9 பாகையில இருக்கிறதால, வானத்தில அது நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேல வானத்தில போற கோடு) 1.6 பாகை தெற்கால தெரியும். சூரியன் மார்ச் 21 அளவில நடுக்கோட்டைத் தாண்டி வடக்க வரும். அதுக்கு நாலைஞ்சு நாள் முந்தி, 16, 17இல, அந்த 1.6 பாகை தெற்கில நிக்கும். அந்த நாட்களில சூரியன் வானத்தில போற பாதை செய்மதிக்குச் சரியாப் பின்னால விழும். வன்னியில இருந்து பார்த்தால் 45 பாகைச் செய்மதி மேற்குத் தென்மேற்கில, வடக்கில இருந்து வலஞ்சுழியா 257 பாகையில, அடிவானத்தில இருந்து 48 பாகை உயரத்தில நிக்குது. சூரியன் அந்த இடத்துக்கு வாற நேரம் 3 மணி.

சூரியன் வெளிச்சத்தை மட்டுமில்லை, ரேடியோ அலையையும் கொட்டுது. செய்மதியில இருந்து வாற சிக்னல் அவ்வளவு தூரம் வந்து சேரேக்க மிகச் சின்னன். டிஷ் ரெண்டையும் சேர்த்துத்தான் எல்என்பிக்கு அனுப்பும். சூரியனின்ர அலை ரிசீவருக்கு வெறும் இரைச்சல்தான். அதால இரைச்சல் நாலைஞ்சு மடங்கு கூடினால் ரிசீவரால சனலைப் பிரிச்செடுக்க ஏலாது, அவ்வளவுதான்.

60 சென்ரிமீற்றர் டிஷ் ஏறத்தாழ 3 பாகை அகலத்தைப் பார்க்குது. சூரியன் 4 நிமிசத்துக்கு 1 பாகை நகரும். அதால ஒரு நாளில எட்டுப் பத்து நிமிசம் போகும், ஆகக்கூடினால் பன்னிரண்டு. சூரியனின்ர பாதை நாளொண்டுக்கு 0.4 பாகை வடக்க தள்ளுறதால எல்லாம் எட்டொன்பது நாளில முடியும். நாளைக்கும் நாளையிண்டைக்கும் ஆகக்கூட இருக்கும். பிறகு குறைஞ்சு 20, 21ஓட நிக்கும். திரும்ப செப்ரெம்பர் 23இல இருந்து ஒக்ரோபர் 1 வரைக்கும் வரும். அப்ப நேரம் 2.43 அளவில இருக்கும், ஏனெண்டால் அந்த மாதத்தில சூரியன் உச்சிக்கு வாறது 18 நிமிசம் முந்தி.

நான் சொல்லுறதை அப்பிடியே நம்ப வேண்டாம், நாளைக்கு நீங்களே சோதியுங்கோ. 2.45க்கு ரிசீவரில மெனுவுக்குப் போய், சிக்னல் காட்டுற பக்கத்தைத் திறந்து வையுங்கோ. பலம், தரம் எண்டு ரெண்டு கோடு இருக்கும். சூரியத் தடை எண்டால் தரம் மட்டும் கிடுகிடெண்டு இறங்கும், பலம் அப்பிடியே நிக்கும் அல்லது ஒரு சொட்டுக் கூடும். பலக்கோடு உள்ள வாற எல்லாச் சக்தியையும் சேர்த்துக் கணக்கெடுக்கும், இரைச்சலையும் சேர்த்து. மழையெண்டாலும் மரம் மறைச்சாலும் ரெண்டும் சேர்ந்து விழும். கேபிள் அறுந்தால் ரெண்டும் ஒரேயடியாப் பூச்சியம்.

அதே செய்மதிக்கு டிஷ் வைச்சிருக்கிற பக்கத்து வீட்டிலயும் கேளுங்கோ, அவைக்கும் அதே நேரம் போயிருக்கும். மன்னாரில இருந்து முல்லைத்தீவு மட்டும் ஒரு நிமிச வித்தியாசம்கூட வராது. முகில் மூடின நாளிலயும் இது வரும், வெறும் முகில் இந்த அலையை மறிக்காது. முகில் மூடி வெக்கை இல்லாத நாளிலயும் அதே நேரத்துக்குப் போனால் எல்என்பிச் சூட்டுக் கதை அதோட முடிஞ்சுது.

பெரிய டிஷ் போட்டாலும் தப்பேலாது. 90 சென்ரிமீற்றர் டிஷ் பார்க்கிற அகலம் குறைவு, அதால நேரம் கொஞ்சம் குறையும், இல்லாமல் போகாது.

வடலி, பரந்தன் | மார்ச் 15, 8.15

பலமும் தரமும் பிரிஞ்சு நடக்கிறது நல்ல அடையாளம். அப்பிடிக் காட்டினால் நான் சொன்னது இல்லை. எல்என்பி சூட்டில விலகினால் சில சனல் போகும், சில சனல் நிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில போறது குறைவு.

குமுழமுனை | மார்ச் 16, பின்னேரம் 3.30

பார்த்தேன். 2.50க்குப் பலம் 80, தரம் 72. மூண்டு மணிக்குப் பலம் 81, தரம் 9. 3.08க்குத் தரம் பழையபடி 70. பக்கத்து வீட்டிலயும் அதே நேரம் போயிருக்குது. இந்த ஒரு கிழமையும் டிஷ்ஷை மூடி வைக்க வேணுமோ? சூரியன் நேர அடிச்சு எல்என்பி பழுதாகுமோ?

குளக்கட்டு, கிளிநொச்சி | மார்ச் 16, 4.10

மூடத் தேவையில்லை. டிஷ்ஷின்ர மங்கலான பூச்சு வெளிச்சத்தைச் சிதறடிக்கத்தான் போட்டிருக்கிறது. பூச்சு கழண்ட டிஷ்ஷுக்குப் பளபளக்கிற பெயின்ரோ அலுமினியப் பெயின்ரோ அடிச்சால்தான் ஆபத்து. அப்ப வெயில் முழுக்க எல்என்பி வாயில குவிஞ்சு பிளாஸ்ரிக் மூடி உருகும். மங்கலான சாம்பல் பெயின்ரை மெல்லிசா ஒரு பூச்சு அடிச்சால் போதும்.

இந்த ரெண்டு மூண்டு நாளையும் சும்மா விடாமல் ஒரு வேலைக்குப் பயன்படுத்துங்கோ. சரியா 3 மணிக்கு டிஷ்ஷில ஏதும் மரத்தின்ர நிழல் விழுதோ எண்டு பாருங்கோ. சூரியனும் செய்மதியும் ஒரே கோட்டில நிக்கிற நேரம் அது. அந்த நேரம் டிஷ்ஷில விழுற நிழல்தான் செய்மதியை மறைக்கிற நிழல். பனையோலையின்ர நுனி நிழல் விளிம்பைத் தொட்டால், மாரிக்கு முந்தி அதை வெட்ட வேணும். செப்ரெம்பர் வரைக்கும் வேற எந்த நாளிலயும் இவ்வளவு துல்லியமா மரத்தைச் சோதிக்க ஏலாது. நிழலைப் பாருங்கோ, சூரியனை நேர பார்க்க வேண்டாம்.

கணக்காச் சொன்னால், டிஷ்ஷுக்கு முன்னால 5 மீற்றர் தள்ளி நிக்கிற மரம் டிஷ்ஷை விட 5.5 மீற்றர் உயர்ந்தால் மறைக்கும். 10 மீற்றர் தள்ளியெண்டால் 11 மீற்றர். இண்டைக்கு நெஞ்சளவு நிக்கிற வடலியும் ஒரு காலம் பனையாகும், டிஷ்ஷுக்கு இடம் தேடேக்க அதையும் நினையுங்கோ.

தடையின்ர நடு நேரத்தையும் குறிச்சு வையுங்கோ. உங்கட பக்கம் அது 3.00, 3.01இல வரவேணும். 3.05இல வந்தால் டிஷ் ஏறத்தாழ 1 பாகை மேற்கால திரும்பி நிக்குது. 2.57இல வந்தால் கிழக்கால. நீங்கள் தந்த கணக்குப்படி டிஷ் நேராத்தான் நிக்குது, காசு குடுத்துத் திருப்ப வேண்டிய தேவை இல்லை.

அக்கராயன் | மார்ச் 16, 6.30

எங்கட டிஷ் இந்தியாவின்ர இலவச சனல்களுக்குப் பூட்டினது, 93.5 பாகை. அதுக்கு 3 மணிக்கு ஒண்டும் நடக்கேல்லை. காலமை 11.15 போலதான் போகுது. அதுவும் இதுதானோ?

குளக்கட்டு, கிளிநொச்சி | மார்ச் 16, 6.50

அதுவும் இதுதான். அந்தச் செய்மதி தென்கிழக்கில 71 பாகை உயரத்தில நிக்குது, சூரியன் அதுக்குப் பின்னால வாறது 11.15 அளவில. செப்ரெம்பரில 10.57 போல வரும்.

ஒட்டுசுட்டான் | மார்ச் 17, காலமை 9.00

எனக்கும் சிக்னல் பிரச்சினைதான், ஆனால் நேரம் காலம் இல்லை. சில சனல் எந்த நேரமும் வருது, சில சனல் வாறதே இல்லை. பனி பெய்த காலமையில இன்னும் மோசம், வெயில் ஏறக் கொஞ்சம் தேறுது. கேபிள் 40 மீற்றர் வரும், நடுவில ஒரு இடத்தில முறுக்கி ரேப் சுத்தியிருக்கு. நானும் 21ஆம் திகதி வரைக்கும் பொறுக்கிறதோ?

வடலி, பரந்தன் | மார்ச் 17, 10.20

பொறுக்க வேண்டாம். இது கேபிள். அந்த முறுக்கின இடத்தில ஈரம் போகுது.

ரிசீவர் இதே கேபிளாலதான் எல்என்பிக்குக் கறண்டும் அனுப்புது. சனல்களின்ர அலை நிலைக்குத்தா ஆடுறது, கிடையா ஆடுறது எண்டு ரெண்டு விதம். நிலைக்குத்துச் சனல்களுக்கு 13 வோல்ற், கிடைச் சனல்களுக்கு 18 வோல்ற். இணைப்புக் கறள் பிடிச்சால் வோல்ற் வழியில விழும். 18 அனுப்பினாலும் எல்என்பிக்கு 14 போனால் அது நிலைக்குத்திலயே நிண்டுவிடும், கிடைச் சனல் ஒண்டும் வராது. பாதிச் சனல் போறது அதாலதான். சோதிக்கிறதெண்டால் கிடைச் சனல் ஒண்டைப் போட்டு, கேபிளை எல்என்பியில இருந்து கழட்டி, மல்ரிமீற்றரால நடுக்கம்பிக்கும் வெளிவளையத்துக்கும் இடையில அளவுங்கோ. மீற்றரின்ர முனை ரெண்டும் தொடுபடக் கூடாது. எல்என்பி இல்லாமல் அளக்கேக்க வோல்ற் கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதால 17க்குக் கீழ காட்டினால் பெரும்பாலும் கேபிள்தான் பழுது. 18 காட்டினாலும் அந்த முறுக்கின இடத்தை விட்டுவைக்க வேண்டாம்.

திருத்தம் இப்பிடி. முதல்ல ரிசீவரின்ர பிளக்கைச் சுவரில இருந்து கழட்டுங்கோ, ரிமோட்டால நிப்பாட்டினால் போதாது. கறண்ட் இருக்கேக்க நடுக்கம்பி, அதைச் சுத்தியிருக்கிற கம்பி வலையில பட்டால் ரிசீவருக்குள்ள இருக்கிற வோல்ற் குடுக்கிற பகுதி எரியலாம். ஏலுமெண்டால் ஆர்ஜி 6 எண்டு விக்கிற டிஷ் கேபிள் புதுசா ஒரே துண்டா இழுங்கோ, நடுக்கம்பி முழுச் செப்பு எண்டு பார்த்து வாங்குங்கோ. செப்புப் பூசின இரும்புக் கம்பியில வோல்ற் கூட விழும். கண்டுபிடிக்கிறது லேசு, காந்தம் ஒட்டினால் இரும்பு. 40 மீற்றர் நீளத்தில, உயர்ந்த அலைவரிசைச் சனல்களுக்கு 12 டெசிபெல் அளவில சிக்னல் இழப்பு வரும். நல்ல கேபிளெண்டால் அது பரவாயில்லை, அதுக்கு மேல நீட்ட வேண்டாம்.

ஒட்டத்தான் வேணுமெண்டால் முறுக்கக் கூடாது. பழைய முனையைச் செப்பு பளிச்செண்டு தெரியிற வரைக்கும் வெட்டுங்கோ. வலை கறுத்தோ பச்சை பிடிச்சோ இருந்தால் இன்னும் அரை மீற்றர் வெட்டுங்கோ, தண்ணி வலை வழியா உள்ள ஊர்ந்திருக்கும். ரெண்டு பக்கமும் எஃப் கனெக்ரர் (கேபிள் நுனியில பூட்டுற திருகு முனை) போட்டு, நடுவில இணைப்பான் வையுங்கோ. நடுக்கம்பி விளிம்புக்கு வெளியால 2, 3 மில்லிமீற்றர் நீட்ட வேணும். வலையின்ர ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியில தொடக்கூடாது. கையால இறுக்கி, பிறகு 11 மில்லிமீற்றர் சாவியால கால் சுத்து. சாதாரண கறுப்பு ரேப் ஒரு மாரி தாங்காது. தனக்குத் தானே ஒட்டுற ரப்பர் ரேப்பை இழுத்து, கீழ இருந்து மேல சுத்துங்கோ, அப்பதான் தண்ணி அடுக்குக்குள்ள போகாமல் வழியும். எல்என்பிக்கு முதல் கேபிளைக் கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி ஒரு வளைவு விடுங்கோ, ஓடிவாற தண்ணி வளைவின்ர அடியில சொட்டும்.

குரங்கு வாற இடமெண்டால் கேபிளைத் தொங்க விடாமல் குழாய்க்குள்ளால கொண்டு போங்கோ. டிஷ் நட்டு இறுக்கின இடத்தில பெயின்ரால குறுக்க ஒரு கோடு போட்டு விடுங்கோ. குரங்கு தொங்கி டிஷ் அசைஞ்சால் கோடு பிரிஞ்சு காட்டும், எந்த இடத்துக்குத் திருப்ப வேணுமெண்டும் தெரியும்.

அக்கராயன் | மார்ச் 17, பகல் 12.10

இன்னொண்டு. ஸ்ரார்லிங்க் செய்மதி இன்ரநெற் போட யோசிக்கிறம். அதுவும் இப்பிடி நிக்குமோ?

குளக்கட்டு, கிளிநொச்சி | மார்ச் 17, 1.00

அதின்ர செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவு உயரத்தில ஓடிக்கொண்டே இருக்குது, ஒண்டு போக இன்னொண்டு வரும். சூரியனுக்கு நேர வந்தாலும் ஒரு கணம்தான், பத்து நிமிசம் நிக்காது. ஆனால் அதுக்கு வானம் அகலமாத் திறந்திருக்க வேணும், ஒரு பக்கத்து மரத்தை மட்டும் வெட்டினால் காணாது. பெருமழைக்கு அதுவும் தடுமாறும்.

மழையைப் பற்றியும் ஒண்டு, குமுழமுனைக்கும் சேர்த்து. 45 பாகை டிஷ்ஷின்ர பார்வை மழை மேகத்துக்குள்ளால போற தூரம், தரையில பார்த்தால் மேற்குத் தென்மேற்கில நாலைஞ்சு கிலோமீற்றர். ஏப்ரல் பின்னேரங்களில இடியோட மழை அந்தப் பக்கம் கறுத்தால், உங்கட முற்றத்தில ஒரு துளி விழ முந்தியே படம் போகும். அப்ப பலம், தரம் ரெண்டும் சேர்ந்து விழும். மேகம் கடந்த பிறகு தானா வரும், நட்டைத் தொட வேண்டாம்.

ஒட்டுசுட்டான் | மார்ச் 18, பின்னேரம் 5.45

கிடைச் சனலில மீற்றர் 14.6 காட்டினது. முறுக்கின இடத்தை வெட்டினால் வலை பச்சை, ஒரு முழம் வெட்டித்தான் சுத்தமான செப்பு வந்தது. எஃப் கனெக்ரர் போட்ட பிறகு 18.1. எல்லாச் சனலும் வருது. ரப்பர் ரேப் கிடைக்கேல்லை, சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுத்தினால் காணுமோ?

வடலி, பரந்தன் | மார்ச் 18, 6.20

இப்போதைக்குக் காணும். வெயிலில ரியூப் வெடிக்கும், மாரிக்கு முந்தி ரப்பர் ரேப் வாங்கி மாத்துங்கோ. சுத்த முந்தி இணைப்பைத் துடைச்சு ஒரு பகல் வெயிலில காயவிடுங்கோ, ஈரத்தை உள்ள வைச்சுச் சுத்தினால் திரும்பவும் பச்சை பிடிக்கும்.