மாற்று இதய அறுவைக்குத் தகுதியில்லாதவருக்கு அரசு செலவில் இதயப் பம்ப்: தரலாமா, கூடாதா?

வைகைக்கரையான்:
பிரிட்டனில் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ், பலவீனமான இதயத்துக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளும் எல்வாட் எனப்படும் இதயப் பம்பை மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவர்களுக்குத்தான் வைக்கிறது. வயது போன்ற காரணங்களால் மாற்று அறுவைக்கே தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவருக்குக் கிடையாது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2003-லிருந்தே அவர்களுக்கும் பணம் கட்டுகிறது. அமெரிக்கா செய்வதுதான் சரி என்பது என் கட்சி. வயதைக் காட்டி ஒருவரைக் கைவிடுவது அநியாயம்.

கணக்குப்பிள்ளை:
அந்த 2003 முடிவுக்கு அடிப்படையே, பம்பையும் மருந்தையும் ஒப்பிட்டு 2001-ல் வந்த ரீமேட்ச் ஆய்வுதான். 129 நோயாளிகள். ஓராண்டு தாண்டியவர்கள் பம்புடன் 52%, மருந்தோடு மட்டும் 25%. நல்ல பலன்தான். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் பம்ப் வைத்தவர்களிலும் 23% பேர்தான் மிச்சம்.

செலவுக்கு வாங்க. நல்ல நிலையில் வாழும் ஒரு கூடுதல் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது என்று அமெரிக்காவிலேயே 2017-ல் கணக்குப் போட்டார்கள். எந்தச் சிகிச்சை செலவுக்குத் தகும் என்று பார்க்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, அப்படி ஓர் ஆண்டுக்கு வழக்கமாக ஏற்றுவந்த வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்டு. எந்த வார்டின் பணத்தை வெட்டி இதற்குத் தருவது?

நைட்டியூட்டி:
நான் இதய வார்டு நர்ஸ். 2001-ல் வந்த ஆய்வை வைத்து இன்றைய பம்புக்குத் தீர்ப்பு எழுதாதீங்க சார். அன்றைக்கு வைத்தது துடித்துத் தள்ளுகிற பழைய மாடல். இப்போதைய ஹார்ட்மேட் 3 மாடலில் ரத்தத்தைத் தள்ளும் சுழலி காந்த விசையில் மிதக்கிறது. எதிலும் உரசாது, உள்ளே ரத்தம் உறைவது அபூர்வம். இதை முந்தைய மாடலோடு ஒப்பிட்ட மொமென்டம் 3 ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் 58% பேர் உயிரோடு இருந்தார்கள். முந்தைய ஹார்ட்மேட் 2-ல் அது 44%.

சுகமான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். வயிற்றுத் தோலைத் துளைத்து ஒரு வயர் வெளியே வரும். இடுப்பில் கண்ட்ரோலர், இரண்டு பேட்டரி. அந்தத் துளையைச் சுத்தம் செய்து கட்டுப் போட வீட்டில் ஒருவர் பழக வேண்டும், அசந்தால் சீழ் பிடிக்கும். கையில் நாடி பிடித்தால் பெரும்பாலும் தட்டுப்படாது, பார்க்கிற சொந்தக்காரர்கள் பதறிப்போவார்கள். ஆனால் நாலடி நடந்தாலே மூச்சு முட்டிய மனுஷர் படியேறுகிறார்.

கணக்குப்பிள்ளை:
ஆயுள் கூடுவதை நான் மறுக்கவில்லை அம்மா. விலை இறங்குமா என்பதே என் கேள்வி. மெட்ரானிக் கம்பெனி 2021-ல் தன் ஹெச்வாட் என்ற இதயப் பம்பின் விற்பனையை நிறுத்திவிட்டது. பக்கவாதமும் மரணமும் அதில் கூடுதல், நிறுத்துவது சரியே. ஆனால் அதோடு பெரியவர்களுக்கான நீண்டகாலப் பம்பில் ஹார்ட்மேட் செய்யும் அபாட் கம்பெனிக்கு ஏறக்குறையப் போட்டியே இல்லாமல் போனது. அவர்கள் ஏன் இறக்குவார்கள்?

நைட்டியூட்டி:
பம்பின் விலை மட்டும்தானா செலவு? ரத்தக்கசிவு, தொற்று என்று திரும்பத் திரும்ப அட்மிட் ஆவதும் நீங்கள் சொன்ன 2 லட்சத்தில் அடக்கம். ஹார்ட்மேட் 3 வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு கொடுத்துவந்த ஆஸ்பிரினை நிறுத்திப் பார்த்த ஏரிஸ் ஆய்வு 2023-ல் வந்தது. பெரிய ரத்தக்கசிவுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, ரத்த உறைகட்டி கூடவில்லை. ஒரு மாத்திரையை நிறுத்தியதில் கிடைத்த பலன் இது. உங்கள் கணக்கு அதற்கு முந்தையது.

வைகைக்கரையான்:
அப்படியென்றால் என்ஹெச்எஸ் புது எண்களை வைத்துத் திரும்பக் கணக்குப் போடட்டும். நாடு முழுக்க ஒரே ஆளாக வாங்கும்போது பேரம் பேசவும் வழி உண்டு.

கணக்குப்பிள்ளை:
போடட்டும், எனக்கும் சம்மதம். நைஸ் வரம்பின் பக்கத்தில் வந்தால் நானே ஆதரிக்கிறேன். அதுவரை, மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் பம்ப் என்பதே என் நிலை.